ஆவாரம் பட்டையில் பிறந்த இருக்கை

தாழ்வான ஒரு மரப்பலகை. அதைச் சுற்றி ஒன்றுக்கொன்று நிறம் ஒட்டாத நாலைந்து திண்டுகள். கீழே கைத்தறி ஜமக்காளம், மூலையில் பித்தளைக் குடம், மேலே பிரம்புக் கூடைக்குள் எரியும் விளக்கு. சென்னையிலும் பெங்களூரிலும் புதுவீடு கட்டுகிறவர்கள் பலர் சாப்பாட்டு அறைக்கு இப்போது விரும்பிக் கேட்பது இந்த அமைப்பைத்தான். 'பொஹீமியன்' என்பார்கள், சுருக்கமாக 'போஹோ'. ஒரே கடையில் ஒரே செட்டாக வாங்கிய நாற்காலிகளும் கண்ணாடி மேசையும் தரும் விறைப்பு இதில் கிடையாது. பாட்டி காலத்துப் பலகையும் போன வாரம் சந்தையில் வாங்கிய துணியும் அக்கம்பக்கமாக இருக்கலாம். மனிதர்களும் காலை மடக்கியோ நீட்டியோ, அவரவர் உடம்புக்கு ஏற்றபடி உட்காரலாம்.

இந்த மாதிரி அறையில் என் கண் முதலில் போவது தேன் நிறத்தில் தரையோடு தரையாக இருக்கும் வட்டத் தோல் திண்டின்மேல்தான். கடைகளில் அதை 'பூஃப்' என்று விற்கிறார்கள். ஒன்றரை அடி அகலம், ஓர் அடி உயரம். பெரும்பாலும் மொராக்கோவின் பெயர் அதன்மேல் ஒட்டியிருக்கும். மொராக்கோவுக்கு அந்தப் பெருமை உரியதுதான். ஃபெஸ் நகரத்துத் தோல் தொட்டிகள் நூற்றாண்டுகளாக இயங்குகின்றன. ஆனால் தையலைப் பிரித்து வெறும் தோலை மட்டும் வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ பழைய தொழில்காரர் ஒருவரிடம் நீட்டினால், அவருக்கு அது அந்நியச் சரக்காகத் தெரியாது. மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிய தோல் அது. அந்த வித்தையைத் தமிழ்நாடு உலகத்துக்கே விற்றது. இன்றைய திருப்பத்தூர் மாவட்டம், அதை ஒட்டிய வேலூர், ராணிப்பேட்டை எல்லாம் சேர்ந்த பாலாற்றுக் கரை அந்தத் தொழிலின் நெஞ்சுப்பகுதி.

அறை அலங்காரத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1840களில் பாரிஸில் கையில் காசில்லாத ஓவியர்களும் எழுத்தாளர்களும் மாடியறைகளில் வாழ்ந்த வாழ்க்கையை ஹென்றி முர்ஜே கதைகளாக எழுதினார். பொஹீமியர் என்ற பெயர் அவர்கள்மேல் நிலைத்தது. கிடைத்ததை வைத்து வாழ்ந்தார்கள், அதிலிருந்தே ஓர் அழகு பிறந்தது. இங்கிலாந்தில் சசெக்ஸ் கிராமப்புறத்தில் சார்ல்ஸ்டன் என்ற பண்ணைவீடு இருக்கிறது. 1916இல் ஓவியர்கள் வெனெஸா பெல்லும் டங்கன் கிராண்ட்டும் அங்கே குடிபோனார்கள். அந்த வீட்டுச் சாப்பாட்டு அறையை இன்றும் போய்ப் பார்க்கலாம். வட்டமேசையின் மேற்பரப்பில் அவர்களே தீட்டிய வண்ணம், கறுப்புச் சுவரில் அச்சுத்தகடு வைத்துக் கையால் அடித்த கோலம், அவர்களின் நண்பர் ரோஜர் ஃப்ரை வடிவமைத்த சிவப்பு நாற்காலிகள், வீட்டுப்பிள்ளை சுட்ட மண் விளக்குமூடி. விலைக்கு வாங்கி அடுக்கிய அறையாக அது தெரியாது. வாழ்ந்து வாழ்ந்து நிறைந்த அறையாகத் தெரியும். 1960களில் மேற்கத்திய இளைஞர்கள் மராக்கெஷுக்கும் காத்மாண்டுவுக்கும் கோவாவுக்கும் போய்த் திரும்பியபோது தரைவிரிப்பும் தோல் திண்டும் அந்த அழகோடு சேர்ந்துகொண்டன.

நம் பக்கத்தில் அதே காலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் செய்து விற்று, அந்தப் பணத்தில் சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். ஓவியம் விற்காத காலத்தில் மெழுகும் சாயமும் அவர்களுக்குச் சோறு போட்டன. பொஹீமிய வாழ்க்கைக்குத் தமிழ் மண்ணில் ஒரு முகவரி கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

இனி தோலுக்கு வருவோம்.

ஆவாரை நம் தரிசு நிலத்துச் செடி. மழை பொய்த்தாலும் மஞ்சளாகப் பூக்கும். கொங்குப் பக்கத்தில் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் கொத்தில் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்வது இதே ஆவாரைதான். இதன் பட்டையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு துவர்ப்புச் சத்து. உரித்த தோல் ஈரத்தில் அழுகும், காய்ந்தால் கட்டையாகும். இந்தத் துவர்ப்பு உள்ளே ஏறிவிட்டால் இரண்டும் நடக்காது. நாட்டுப்புறத்தில் இதை எத்தனையோ காலமாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். செருப்பு, மாட்டுக்கு வார், கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலைப் பறி எல்லாம் அந்தத் தோலில் ஆனவை. ஆனால் ஆவாரம் பட்டையில் மட்டும் பதமான தோலுக்கு ஒரு பலவீனம் உண்டு. வெளிச்சம் படப்படச் சிவந்துபோகும். கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போகும் சரக்கு ஒரே நிறத்தில் நிற்க வேண்டும்.

அதற்கு வழி பிறந்தது 1840களில். தென்னிந்தியத் தோல் தொழிலின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் சார்ல்ஸ் டி சூசா என்ற யூரேசியரின் பெயரைச் சொல்வார்கள். மொரீஷியஸ், புதுச்சேரி, சென்னை என்று அவர் கதை நகர்கிறது. உள்ளூர் முறையை அவர் தூக்கியெறியவில்லை. ஆவாரம் தொட்டியிலிருந்து எடுத்த தோலுக்குக் கடைசியில் எண்ணெயும் கடுக்காய்க் குளியலும் கொடுத்து முடிக்கும் முறையை நிலைநாட்டினார். கடுக்காயின் துவர்ப்பு வேறு வகை. அது மேலே படிந்ததும் சிவப்பு ஏறுவது நின்று, இளம் மஞ்சள் கலந்த பழுப்பு நிலைத்தது. தலைமுறை தலைமுறையாக நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த காய்தான் அந்த வேலையைச் செய்தது! ஈஸ்ட் இந்தியா தோல், தொழில்காரர் வாயில் ஈ.ஐ. தோல், இப்படித்தான் உருவானது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸ் மேல்தோலுக்கு அரசே இதை மொத்தமாகக் கொள்முதல் செய்தது. இன்று இதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

பாலாற்றின் தண்ணீர், ஜவ்வாது மலைச் சரிவுகளின் பட்டையும் காயும், சென்னைப் பெரியமேட்டுச் சந்தைக்கு ரயில்பாதை, கூடவே முஸ்லிம் வணிகக் குடும்பங்களின் துணிச்சல். இவை ஒன்றாகக் கூடியதால்தான் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் ஊர்கள் ஆயின. அந்தச் செல்வம் பள்ளிகளாகவும் கல்லூரிகளாகவும் திரும்பி வந்தது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919லேயே தொடங்கிவிட்டது.

ஒரு தோல் திண்டுக்கு இரண்டு மூன்று ஆட்டுத்தோல் போதும். அந்தத் தோல் படும் பாட்டை நேரில் பார்த்தவர்களுக்கு அதன்மேல் அலட்சியமாக உட்கார மனம் வராது. உப்பிட்டு வந்த பச்சைத்தோலை முதலில் தண்ணீரில் ஊறவைத்து உப்பைப் போக்க வேண்டும். பிறகு சுண்ணாம்புத் தொட்டி. முடி தளர்ந்ததும் சாய்ந்த மரக்கட்டையின்மேல் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் மழிப்பார்கள். திருப்பிப் போட்டு உள்பக்கத்துக் கொழுப்பையும் சதையையும் வழிப்பார்கள். கத்தி ஒரு நூல் ஆழமாக இறங்கினாலும் தோல் போயிற்று. சுண்ணாம்பின் காரத்தைக் கழுவி எடுத்தபின் பட்டைத் தொட்டி. இங்கேதான் பொறுமை வேலை செய்கிறது. எடுத்த எடுப்பில் கெட்டியான சாற்றில் போட்டால் மேற்பரப்பு இறுகிக்கொண்டு உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். அதனால் பலமுறை பயன்பட்டு நீர்த்துப்போன பழைய சாற்றில் தொடங்கி, தொட்டிக்குத் தொட்டி கெட்டியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஆடு, செம்மறி என்றால் சில வாரம். மாட்டுத்தோல் என்றால் இன்னும் கூடுதல். கடைசியில் கடுக்காய், எண்ணெய், நிழல் உலர்த்தல்.

முடிந்த தோலின் ஓரத்தை வெட்டிப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு. குரோமியத்தில் பதனிட்ட தோலை வெட்டினால், மேலே எந்தச் சாயம் இருந்தாலும், நடுவில் பெரும்பாலும் வெளிறிய நீலச் சாம்பல் கோடு தெரியும். பட்டைத்தோலின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அந்த இடம் உடனே கறுத்து, காயக் காயத் திரும்பும். ஈரமாக இருக்கும்போது நகத்தால் ஒரு கோடு இழுத்தால் அது அங்கேயே தங்கிவிடும். பட்டைத்தோலைக் கைவினைத்தோலாக ஆக்கியது இந்தக் கடைசிக் குணம்தான்.

வங்காளத்தில் அந்தக் குணத்துக்கு வேலை வந்தது. தாகூரின் மகன் ரதீந்திரநாத்தும் மருமகள் பிரதிமா தேவியும் ஐரோப்பாவில் தோல் கைவினையைக் கற்றுத் திரும்பினார்கள். 1920களில் சாந்திநிகேதனிலும் பக்கத்து ஸ்ரீநிகேதனிலும் அது கைத்தொழிலாக வேரூன்றியது. தாவரச் சாற்றில் பதனிட்ட ஆட்டுத்தோலை, அதாவது வணிகத்தில் ஈ.ஐ. என்று வழங்கும் அதே ரகத்தை, நனைத்துக் கருவியால் பூவும் கொடியும் அழுத்திப் பதிப்பார்கள். தூரிகையால் சாயம் ஏற்றி, மேலே தடவிய பூச்சு வெடிக்கும்படி கசக்கி, அந்த விரிசல்களில் இருண்ட சாயத்தை இறக்கினால் பாத்திக் கோடுகள் ஓடும். பைகள், பணப்பைகள், மோடா என்னும் குட்டி இருக்கைக்கான உறைகள், திண்டுகள். எண்பது, தொண்ணூறுகளில் பொருட்காட்சிக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் பலவும் ஒரு சாந்திநிகேதன் பையாவது வாங்கியிருக்கும். அதற்கும் தனியாகப் புவிசார் குறியீடு உண்டு. போஹோ சாப்பாட்டு அறையில் சித்திரம் போட்ட தோல் திண்டைப் பார்க்கும்போது, மொராக்கோவோடு சாந்திநிகேதனையும் பாலாற்றையும் நினைத்துக்கொள்வது நியாயம்.

ஆனால் நான் இந்தக் கதையைச் சொல்ல வந்ததற்கு வேறொரு காரணம் இருக்கிறது. தோல் சாப்பாட்டு அறைக்குள் வந்திருக்கிறது. தமிழ் வீடுகளில் இது சிறிய செய்தி அல்ல.

நம்மில் எத்தனையோ வீடுகளில் தோல் என்றால் வாசலோடு சரி. செருப்பு வெளியே, தோல் பை திண்ணையில், தோல் தொட்ட கை கழுவாமல் அடுப்படிக்குள் வரக்கூடாது. முனிவருக்கு மான்தோல் ஆசனம் பொருந்தும். கோயில் சந்நிதியில் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் இழுத்துக் கட்டிய மிருதங்கம் முழங்கலாம். கவலைப் பறியில் இறைத்த தண்ணீரில் விளைந்த நெல்லை வடித்து, இலையில் போட்டு எல்லோரும் சாப்பிடலாம். ஆனால் அந்தத் தோலை உரித்து, ஊறவைத்து, மழித்துப் பதமாக்கியவர் பந்திக்கு வரக்கூடாது. தீட்டு என்று அதிகம் ஒதுக்கியது தோலைவிடத் தோல் வேலை செய்த மனிதரை. பாலாற்றுக் கரைத் தொட்டிகளில் இறங்கி நின்றவர்கள் பெரும்பாலும் தலித்துகளும் ஏழை முஸ்லிம்களும். சுண்ணாம்பு அரித்த அவர்கள் கைகளால் முடித்த சரக்கு கடல் தாண்டிப் போனது. அடுத்த தெருவில் இருந்த சாப்பாட்டுக் கூடத்துக்குள் அவர்களால் போக முடிந்ததா?

அதே ஆம்பூரில், அதே வாணியம்பாடியில், இன்னொரு வகைச் சாப்பாட்டு அறையும் இருந்தது, இன்றும் இருக்கிறது. முஸ்லிம் வீடுகளில் தரையில் தஸ்தர்கான் விரிப்பார்கள். நீளமான துணி, அதன் இருபுறமும் வீட்டார், விருந்தாளி எல்லோரும் ஒரே மட்டத்தில் உட்காருவார்கள். நடுவில் சீரகசம்பா பிரியாணித் தட்டு, கூட எண்ணெய்க் கத்தரிக்காயும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும். அரபு உலகத்தில் தஸ்தர்கானுக்கு இணையானது சுஃப்ரா. அரேபியப் பயணிகள் உணவைக் கட்டி எடுத்துப்போய், தங்குமிடத்தில் விரித்து, அதன்மேலேயே வைத்துச் சாப்பிட்ட வட்ட விரிப்பு அது. பழைய சுஃப்ராக்கள் தோலில் ஆனவை. ஓரத்தில் கோத்த கயிற்றை இழுத்தால் பை, தளர்த்தினால் விரிப்பு. ஒரு வழக்கத்தில் தோல் வாசலைத் தாண்டாமல் நிறுத்தப்பட்டது. இன்னொன்றில் அதன்மேலேயே ரொட்டி வைத்தார்கள். இரண்டு வழக்கமும் பாலாற்றங்கரையில் ஒரே தெருவின் இரு முனைகளில் வாழ்ந்தன.

அதனால்தான் தரையில் உட்காரும் இந்தப் புதுப் பாணி எனக்குப் பிடித்திருக்கிறது. அதன் உயிர் கலந்து உட்காருவதில் இருக்கிறது. தலைமாட்டு நாற்காலி கிடையாது, குடும்பத்தலைவருக்குத் தனி இடம் கிடையாது. வட்டத் திண்டுக்கு முன்பக்கமும் இல்லை பின்பக்கமும் இல்லை. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவும் அதே திண்டில் உட்கார்ந்து அதே பலகையில் சாப்பிட்டால்தான் அந்த அறைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். அவரைச் சமையலறைத் தரையில் உட்காரவைத்துவிட்டு கூடத்தில் போஹோ அலங்காரம் செய்வது வெறும் துணிமணி அடுக்கல்.

தோலின் கதையில் கசப்பான பக்கமும் உண்டு. அதை மறைத்தால் பாலாறு மன்னிக்காது. 1903இல் பொறியாளர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் சென்னைக் கலைப்பள்ளியில் குரோமியப் பதனிடலைத் தொடங்கினார். கவலைப் பறிகள் தண்ணீரில் சீக்கிரம் கெடாமல் உழைக்க வேண்டும் என்பது அவர் நோக்கங்களில் ஒன்று. வாரங்கள் நாள்களாகச் சுருங்கின. ஆவாரம் பட்டையின் இடத்தையும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை பிடித்தது. அதில் துவர்ப்புச் சத்து கிட்டத்தட்ட இருமடங்கு. 1970களில் பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு போட்டது. முழுமையாக முடித்த தோலும் காலணியும் இங்கேயே ஆகட்டும் என்பது எண்ணம். ஆம்பூர் காலணி ஊராக நிமிர்ந்தது, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை வந்தது. ஈ.ஐ. தோல் பின்னுக்குப் போயிற்று. கழிவுநீரோ நிலத்திலும் ஆற்றிலும் இறங்கியது. கிணறுகள் உவர்த்தன, வயல்கள் தரிசாயின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேராத, சொந்தச் சுத்திகரிப்பு ஏற்பாடும் இல்லாத ஆலைகளை மூட வேண்டியதாயிற்று.

பட்டைத்தோல் என்றால் பாவமே அறியாதது என்று சொல்ல மாட்டேன். பச்சைத்தோலில் ஏறியிருக்கும் உப்பை அங்கேயும் கழுவித்தான் ஆக வேண்டும், சுண்ணாம்பும் அங்கே உண்டு, துவர்ப்புச் சாறும் ஆற்றில் கலந்தால் நீரைக் கறுக்கடிக்கும். ஆனால் குரோமியம் இல்லை. பல வருஷம் உழைக்கும். தேய்ந்தாலும் அசிங்கமாகாது, உட்கார்ந்த இடம் பளபளப்பாகி நிறம் ஆழ்ந்துகொண்டே போகும். பழசாகப் பழசாக அழகு கூடும் பொருளைத்தான் சார்ல்ஸ்டன் காலத்திலிருந்து இந்தப் பாணி தேடி வருகிறது.

வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்குச் சில விஷயம். வாங்கும்போது உள்தையல் ஓரத்தைக் காட்டச் சொல்லி வெட்டுமுகத்தின் நிறத்தைப் பாருங்கள். பெரும்பாலான திண்டுகள் வெறும் உறையாகவே வரும். பழைய புடைவை, பஞ்சு, தேங்காய் நார் எதையும் திணிக்கலாம். அடியில் பழைய துணியை இறுக்கி, மேலே பஞ்சு வைத்தால் உட்கார்ந்தவுடன் அமுங்காது. மஞ்சள் பட்டால் கறை நிற்கும், எண்ணெய் சொட்டினால் அந்த இடம் மட்டும் இருளும். அதனால் சாப்பாட்டு நேரத்தில் மேலே ஒரு கைத்தறித் துண்டைப் போட்டுவிடுங்கள், அதுவே அறைக்கு இன்னொரு நிறம். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், காற்றாட வையுங்கள். ஜன்னல் வெயிலில் நிரந்தரமாக வைக்காதீர்கள். எல்லாவற்றையும்விட, ஈரமான இரும்பை அதன்மேல் வைத்துவிடாதீர்கள். தோசைக்கல்லின் அடி பட்டால் போதும், நீலக்கறுப்பாக ஒரு வளையம் விழும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. கடுக்காயையும் இரும்பையும் வைத்து எழுதுமை காய்ச்சிய நாடு இது.

பலகைக்கு மாமரமோ வேம்போ போதும், உயரம் ஓர் அடிக்குமேல் சற்றுக் கூடுதலாக இருந்தால் முழங்கால் இடிக்காது. கீழே பவானி ஜமக்காளம் விரித்தால், அதன் முரட்டுப் பட்டைகளின் மேல் தோலின் பழுப்பு நன்றாக எடுக்கும். முழங்கால் வலிக்காரருக்கு மட்டும் பக்கத்தில் உயரமான மோடா ஒன்று போடுங்கள். இந்தப் பாணியில் அதற்கும் இடம் உண்டு.

எனக்கு ஓர் ஆசை மட்டும் பாக்கி. ஷூவின் மேல்பாகத்தை ஓர் இழை பிசகாமல் தைக்கும் பெண்கள் ஆம்பூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். திண்டின் தையல் அவர்களுக்கு விளையாட்டு. பட்டைத்தோல் செய்யத் தெரிந்த கைகளும் இந்தப் பக்கத்தில் இன்னும் மிச்சம் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால், 2019இல் தனி மாவட்டமான திருப்பத்தூரின் பெயரிலேயே ஒரு திண்டு கடைக்கு வரலாம். ஆவாரை வளர்க்கத் தரிசு நிலத்துக்கு இங்கே பஞ்சமில்லை. வாங்குகிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் ஏற்கெனவே காத்திருக்கிறார்கள், மொராக்கோ விலை கொடுத்துக்கொண்டு.